பட்டாளத்தார் கல்

மலர்க் குழுவினர் கடிதம் போட்டுக் கட்டுரை கேட்டபோது, விடுதிச் சாப்பாட்டையும் பேராசிரியர்களின் பட்டப்பெயர்களையும் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். பிறகு யோசித்தேன். அதை எழுத நம்மில் பத்துப் பேர் இருக்கிறார்கள், என்னைவிட நன்றாகவும் எழுதுவார்கள். 1973 முதல் 1976 வரை நம் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தவன் நான். அந்தப் படிப்பு எனக்குச் சோறு போட்டதோ இல்லையோ, எங்கள் வீட்டுக் காட்டோரம் நிற்கிற ஒரு கல்லை இன்னதென்று அடையாளம் காட்டிக் கொடுத்தது. அந்தக் கல்லின் கதையைச் சொல்கிறேன். வரலாற்றுத் துறை நண்பர்கள் பிழையிருந்தால் திருத்துங்கள், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் ஜலகண்டாபுரம். நெசவு ஊர் என்பது சேலத்துப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இரண்டு தறியும், ஊருக்கு வெளியே கொஞ்சம் மானாவாரிக் காடும் இருந்தன. காட்டின் வடகோடியில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். உருவம் கிடையாது, எழுத்தும் கிடையாது. தெரியாதவர்கள் எல்லைக்கல் என்று நினைத்துத் தாண்டிப் போவார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'பட்டாளத்தார்'.

ஆடி 18 அன்று மேட்டூர்ப் பக்கம் ஜனங்கள் எல்லோரும் காவேரிக்குப் போவார்கள். நாங்களும் போவோம். ஆனால் போய்விட்டு வரும்போது ஒரு செம்புத் தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுவர வேண்டும். அந்தத் தண்ணீரில் கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, புது வேட்டி துண்டு வைத்து, பச்சரிசி மாவு, வாழைப்பழம், தேங்காய், ஒரு கட்டு சுருட்டு எல்லாம் படைப்பார்கள். வேட்டியைக் கடைசியில் அப்பா கட்டிக்கொள்வார். சுருட்டை யார் எடுத்துக்கொள்வார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது, மறுநாள் காலையில் இருக்காது.

பட்டாளத்தார் என்பவர் என் தாத்தாவின் அண்ணன். முதல் உலகப்போர்க் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து போனவர் திரும்பி வரவில்லை. என் அப்பாயி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததே அவர் போன சில ஆண்டுகளுக்குப் பிறகுதான். மைத்துனரை அவர் கண்ணால் பார்த்தது கிடையாது. தன் மாமியார் சொல்லக் கேட்டதை எனக்குச் சொல்லுவார்.

"கப்பல்ல கூட்டிக்கிட்டுப் போனாங்களாம் கண்ணு. பசுரான்னு ஒரு ஊராம். அங்க தண்ணியே உப்பாம். காயிதம் ஒண்ணு வந்துச்சாம், அப்புறம் ஒண்ணும் வரல. ஒரு வருசம் கழிச்சு பித்தளத் தட்டு ஒண்ணுதான் தபால்ல வந்துச்சாம்."

"அவரு பேரு என்ன அப்பாயி?"

"எம் மூத்தாரு பேர நான் எப்படிக் கண்ணு வாயால சொல்றது? மலைமேல ஆண்டியா நிக்கறாரே, அவரு பேருதான்."

அந்தக் காலத்துப் பெண்கள் கணவன் பெயரையும் சொல்ல மாட்டார்கள், கணவனின் அண்ணன் பெயரையும் சொல்ல மாட்டார்கள். இதை இன்றைய மாணவ மணிகள் நம்புவார்களோ என்னவோ. ரேஷன் கார்டுக்குப் பெயர் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிற பிள்ளையைச் சொல்லச் சொல்லுவார்கள். மலைமேல் ஆண்டியாக நிற்கிறவர் பழனியில் இருக்கிறார், சரி. அப்படியானால் பெயர் பழனியா, பழனியப்பனா, பழனியாண்டியா, பழனிமுத்துவா, தண்டபாணியா? தாத்தா என் அப்பா சிறுவனாக இருக்கும்போதே இறந்துபோனார். அப்பாவைக் கேட்டால், "பழனின்னுதான் ஆரம்பிக்கும். எல்லாரும் பட்டாளத்தார்னே சொல்லிப் பழகிட்டாங்கடா" என்பார். அந்த வயதில் எனக்கும் அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

இனி அந்தத் தட்டைப் பற்றி. இதைச் சொல்லத்தான் இத்தனை ஆண்டுகளாகத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

அது சாப்பிடுகிற தட்டு இல்லை. ஒரு சாண் அகலத்துக்கும் குறைவான வட்டமான வெண்கலத் தகடு. ஒரு பெண் கையில் மாலையை நீட்டிக்கொண்டு நிற்பாள், பக்கத்தில் ஒரு சிங்கம். ஓரத்தைச் சுற்றி இங்கிலீஷ் எழுத்து. நடுவில் ஒரு கட்டத்துக்குள் தனியாகக் கொஞ்சம் எழுத்து. எங்கள் வீட்டில் அது நெல் குதிருக்கு மேல் கிடந்தது. 1968 வாக்கில் எவர்சில்வர் மோகம் ஊரைப் பிடித்து ஆட்டியது உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். பழைய பித்தளை, வெண்கலத்தை வாங்கிக்கொண்டு பளபளவென்று எவர்சில்வர் கொடுக்கிற பாத்திரக்காரர் தெருவில் வந்தார். அம்மா ஒரு உடைந்த அண்டாவையும் இரண்டு குத்துவிளக்கையும் எடுத்துப் போட்டார். எடை போதவில்லை. "அந்தச் சிங்கத் தட்ட எடுத்துட்டு வாடா" என்றார். எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தவன் நான்தான். ஆறு டம்ளர் கிடைத்தது.

எனக்கு அப்போது 13 வயது. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அந்த எழுத்துகள் புடைத்துக்கொண்டு இருக்கும், அதன்மேல் விரலை ஓட்டி விளையாடியிருக்கிறேன். சிங்கம் நினைவிருக்கிறது, அந்தப் பெண்ணின் தலைக்கவசம் நினைவிருக்கிறது. நடுவில் இருந்த பெயர் மட்டும் எத்தனை முறை கண்ணை மூடி யோசித்தாலும் வருவதில்லை. அன்று இரவு அப்பாயி விஷயம் தெரிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் மட்டும், "அதுல என்ன கண்ணு எழுதியிருந்துச்சு?" என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன்.

நிற்க. 1974 என்று நினைக்கிறேன், எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் வகுப்பில் நடுகல்லைப் பற்றிப் பேசினார். அப்போதுதான் செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை தேடித்தேடிப் படியெடுத்து, இரா. நாகசாமி அவர்கள் பதிப்பில் 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாக வெளியிட்டிருந்தார்கள். புத்தகம் புதிது, ஐயாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. போரில் பட்டவனுக்குக் கல் எடுப்பதைத் தொல்காப்பியர் ஆறு படியாகச் சொல்கிறார் என்று கரும்பலகையில் எழுதினார். தகுந்த கல்லைத் தேடிக் காண்பது காட்சி, அதை எடுக்க நாள் பார்ப்பது கால்கோள், நீரில் ஆட்டுவது நீர்ப்படை, பிறகு நடுதல், பெரும்படையல், வாழ்த்து. 'நீர்ப்படை' என்ற சொல்லை அவர் விளக்கியபோது எனக்குச் சுருக்கென்றது. அப்பாயி சொல்லியிருக்கிறார். உடம்பு வரவில்லை என்றானபின், என் பூட்டி ஓடைக்கரையில் ஒரு கல்லைத் தானே பார்த்து எடுத்து, வண்டி கட்டிக் காவேரிக்குக் கொண்டுபோய்க் கழுவிக் கொண்டுவந்து நட்டாளாம். அப்போது மேட்டூர் அணையே கிடையாது, அதன் வேலை 1925-இல்தான் தொடங்கியது. எழுத்து வாசனை இல்லாத அந்த மனுஷி தொல்காப்பியத்தை எங்கே படித்தாள்?

வகுப்பு முடிந்து ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உங்க பாட்டி எந்த நூற்றாண்டுல இருந்தாங்கன்னு நெனச்சே? எல்லா நூற்றாண்டுலயும்தான்டா" என்றார்.

எங்கள் சேலம் பக்கம் இந்த வழக்கம் ஆழமாக ஊறியது. 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த தருமபுரிப் பக்கம், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் எல்லாம் 'வேடியப்பன்' என்று கும்பிடுகிற சாமி பல இடங்களில் பழைய நடுகல்தான். வில்லும் வாளுமாக நிற்கிற வீரன், தலைக்கு மேல் வட்டெழுத்து. எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் மறைந்த பிறகும் பொங்கல் வைப்பது நிற்கவில்லை. தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் இந்தக் கற்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். மாணவர்கள் ஒரு முறை போய்ப் பாருங்கள், பஸ் செலவுக்கு மோசமில்லை.

அந்தக் கற்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர் மாட்டை மீட்கப்போய்ப் பட்டான், அவன் பெயர் என்ன, எல்லாம் இருக்கும். எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்கிற வீரன் பட்டபோது அவனுடைய நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். நாயையும் கல்லில் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். 1,400 ஆண்டு ஆகிறது, ஒரு நாயின் பெயர் அழியவில்லை. சேலம் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள கருமந்துறைக் கல் இன்னும் எளிமையானது. எருது விளையாட்டில் மாண்ட சங்கன் என்பவனுக்கு அவன் மகன் பெரிய பயல் என்பவன் நட்ட கல் அது. அரசன் இல்லை, போர் இல்லை. அப்பனுக்குப் பிள்ளை எடுத்த கல், இருவர் பெயரும் இருக்கிறது. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கற்கள் இவற்றுக்கெல்லாம் முப்பாட்டன். அதிலும் ஆநிரைப் போரில் பட்டவன் பெயர் இருக்கிறது.

ஆக, கல் நடுவது நம் வழக்கம். பெயர் எழுதுவதும் நம் வழக்கமாகத்தான் இருந்திருக்கிறது. இடையில் எங்கே விட்டோம்?

என் பெரிய தாத்தா ஏன் போனார் என்று வீட்டில் கேட்டால், "வயித்துக்குப் போனாரு" என்பார்கள். அது உண்மைதான். 1914-இல் போர் தொடங்கியதும் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த செயற்கைச் சாயம் நின்றுபோனது. அலிசரின் சிவப்புக்கும் நீலத்துக்கும் அவர்களை நம்பியே இருந்த நெசவாளிக்கு அது பேரிடி. நூல் விலையும் ஏறிப்போனது. சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய் சம்பளம். தறி நின்றுபோன வீட்டில் 11 ரூபாய் என்றால் என்னவென்று நெசவு ஊர்க்காரனுக்குச் சொல்ல வேண்டாம்.

ஆங்கிலேயர்கள் அதற்கு முன்பே மதராசிகளை வீர சாதி இல்லை என்று ஒதுக்கத் தொடங்கியிருந்தார்கள். கர்நாடகப் போர்களையும் மைசூர்ப் போர்களையும் யாரை வைத்து ஜெயித்தோம் என்பது அவர்களுக்கு மறந்துவிட்டது. ஆனால் பெரும்போர் வந்து ஆள் பற்றாக்குறையானதும் மறுபடியும் இங்கே வந்து ஆள் எடுத்தார்கள். சென்னை மாகாணத்திலிருந்து ஆயுதம் தாங்கியவர்களும், கூலி, சமையல், சுமை வேலைக்குப் போனவர்களுமாக 90 ஆயிரத்துக்கு மேல் சேர்ந்தார்கள். போர் முடிந்ததும் பழைய மதராஸ் காலாட்படைப் பிரிவுகளை ஒவ்வொன்றாகக் கலைத்து, 1928-க்குள் கதையை முடித்துவிட்டார்கள். மதராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் படை மட்டும் தப்பியது. இரண்டாம் உலகப்போர் வந்ததும் மதராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் உயிர்பெற்றது. காரியம் ஆகும் வரை காலைப் பிடி என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

அப்பாயி சொன்ன 'பசுரா', இன்றைய இராக்கில் உள்ள பாஸ்ரா. அன்று மெசபடோமியா. இந்தியச் சேனை மிக அதிகமாகப் போனது அந்தக் களத்துக்குத்தான். குண்டைவிடக் காலராவும் வயிற்றுக்கடுப்பும் வெயிலும் கொன்றவர்கள் அங்கே ஏராளம். மொத்தத்தில் அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து 13 லட்சம் பேருக்கு மேல் போனார்கள், 74 ஆயிரம் பேருக்கு மேல் திரும்பவில்லை.

போர் முடிந்தபின் ஆட்கள் அதிகம் போன ஊர்களில் சர்க்கார் கல்வெட்டுப் பதித்தது. வேலூர் மணிக்கூண்டில் இன்றும் பார்க்கலாம். இந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும்போருக்குப் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று இருக்கும். அவ்வளவுதான். அந்த 14 பேர் யார் என்று இருக்காது. திருச்சி காந்தி மார்க்கெட் முன்னாலும் அந்தப் போருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. வெங்காய மூட்டையும் ஆட்டோவும் சூழ நிற்கும். சென்னைக் கடற்கரைச் சாலையில் கோட்டைக்கு அருகே உள்ள போர் நினைவுச் சின்னம் எல்லோருக்கும் தெரிந்தது. முதல் உலகப்போர் வெற்றிக்காகக் கட்டியது, பிறகு இரண்டாம் உலகப்போர், 1948 காஷ்மீர், 1962 சீனப் போர், பாகிஸ்தான் போர்களும் சேர்ந்துகொண்டன.

இதில் ஒரு வேடிக்கை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் கப்பல் எம்டன். அந்தப் பெயர் மட்டும் எந்தக் கல்லும் இல்லாமலே தமிழில் நிலைத்துவிட்டது. எங்கள் அப்பா என்னைத் திட்டும்போதுகூட "சரியான எம்டன்டா நீ" என்பார். குண்டு போட்டவன் பெயர் வாயில் நிற்கிறது, போருக்குப் போன சொந்தப் பெரியப்பன் பெயர் நிற்கவில்லை.

பாஸ்ராவில் 1929-இல் ஒரு பெரிய நினைவுச் சின்னம் திறந்தார்கள். மெசபடோமியாவில் இறந்து, கல்லறை இன்னதென்று தெரியாத 40 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அது. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கடைசி ஆள் வரை பெயர் உண்டு. இந்திய அதிகாரிகளுக்கும் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் பெயர் கிடையாது. இன்ன படைப்பிரிவு, இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும்தான். பிரான்சில் நவ் ஷப்பேல் என்ற இடத்தில் 1927-இல் இந்தியர்களுக்கென்றே கட்டிய நினைவுச் சின்னத்தில் 4,700-க்கு மேற்பட்ட பெயர்களை எழுத முடிந்தது. டெல்லியில் 1931-இல் திறந்த இந்தியா கேட்டில் 13 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களை வெட்ட முடிந்தது. பாஸ்ராவில் மட்டும் முடியவில்லையாம். அந்தச் சின்னத்தையும் 1997-இல் சதாம் உசேன் ஆணைப்படி பெயர்த்து, நசிரியா போகிற சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளிப் பாலைவனத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

2021-இல் போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே ஒரு குழு போட்டு விசாரித்து இதை ஒப்புக்கொண்டது. முதல் உலகப்போரில் இறந்த இந்திய, ஆப்பிரிக்க, எகிப்திய வீரர்களில் 45 ஆயிரம் முதல் 54 ஆயிரம் பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. அதற்கு மேலும் குறைந்தது 1 லட்சத்து 16 ஆயிரம் பேருக்குப் பெயரே பதியப்படவில்லை அல்லது எந்த நினைவும் இல்லை. அந்த எண்ணிக்கை மூன்றரை லட்சம் வரை போகலாம் என்றது அறிக்கை. மன்னிப்பும் கேட்டார்கள். நூறு ஆண்டு கழித்துக் கேட்டாலும் கேட்டார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது. நம்மவர்களில் அதைக் கேட்க வைத்தவர்கள் எத்தனை பேர்?

அந்த அறிக்கை வந்த பிறகுதான் நானும் தேட ஆரம்பித்தேன். எங்கள் தம்பி மகள் கம்ப்யூட்டர் படித்தவள். ஆணையத்தின் பட்டியல் முழுவதும் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அதில் பாஸ்ரா சிப்பாய்களின் பெயர்களும் படைப்பதிவேட்டிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்று அவள்தான் காட்டினாள். "பெரியப்பா, பேரு என்னன்னு டைப் பண்ணட்டும்?" என்றாள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பழனி என்பதை வெள்ளைக்காரக் குமாஸ்தா எப்படி எழுதியிருப்பான்? பழனி மலையையே அவர்கள் 'பல்னி' என்றும் 'புல்னி' என்றும் எழுதியவர்கள். பழனியாண்டி 'புல்னி ஆண்டி'யாகும். தண்டபாணி என்னென்ன ஆகுமோ. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். பழனி என்று படிக்கத்தக்க பெயர்கள் பல வந்தன. சிலவற்றில் தகப்பன் பெயர், ஊர், சேலம், மதராஸ் என்றுகூட இருந்தது. ஒவ்வொன்றையும் திறக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். எங்கள் பூட்டன் பெயர் எதிலும் இல்லை. மீதிப் பேருக்கு எண்ணும் படைப்பிரிவும் தேதியும் மட்டும்தான் இருக்கின்றன. அவர்களில் ஒருவர் எங்கள் வீட்டு ஆளாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

அப்போதுதான் தெரிந்தது, அந்தச் சிங்கத் தட்டு என்னவென்று. போரில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவுத் தகடு அது. 12 சென்டிமீட்டர் விட்டம், லிவர்பூலைச் சேர்ந்த எட்வர்ட் கார்ட்டர் பிரஸ்டன் என்ற சிற்பி வடிவமைத்தது. 13 லட்சத்துக்கு மேல் வார்த்தார்கள். பதவி, பட்டம் எதுவும் போடாமல் இறந்தவன் பெயரை மட்டும் நடுக்கட்டத்தில் புடைப்பெழுத்தாக வார்த்தார்கள். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று. ஓரத்தில் சுற்றியிருந்த வாசகம் விடுதலைக்காகவும் மானத்துக்காகவும் இறந்தான் என்ற பொருள் தருவது. யாருடைய விடுதலைக்கு என்று கேட்க என் பூட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது.

சாம்ராஜ்யம் பாஸ்ராக் கல்லில் எழுதாத பெயரை, குமாஸ்தா எழுதியபடியே எழுத்துப் பிசகாமல், எங்கள் வீட்டுக் குதிர்மேல் ஏறத்தாழ 50 ஆண்டு வைத்திருந்தது. அதைத்தான் நான் ஆறு டம்ளருக்குக் கொடுத்தேன். டம்ளரில் இரண்டு இன்னும் இருக்கின்றன.

சென்னைக்குப் போனபோது நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்கும் ஒரு நாள் போய்வந்தேன். 1952-இல் அமைத்தது. இரண்டாம் உலகப்போரில் இறந்தவர்கள் 850 பேருக்கு மேல் அங்கே அடங்கியிருக்கிறார்கள். பின்பக்கத்தில் 1914-18 போரில் இறந்து, நாட்டின் பல மூலைகளில் புதைக்கப்பட்ட ஆயிரம் பேருக்கு மேல் பெயர் வெட்டிய சுவர் ஒன்று இருக்கிறது. புல்வெளி வெட்டிவிட்ட தலைபோல அவ்வளவு ஒழுங்கு. என் ஆள் அங்கே இருக்க வழியில்லை என்று தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே போனேன். காவலர், "யாராச்சும் சொந்தக்காரங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்றும் சொல்ல மனம் வரவில்லை.

நம் ஆட்கள் நினைவை முற்றிலும் தொலைத்துவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் கல்லுக்குப் படையல் போடுகிற அதே ஆடி 18 அன்றுதான் சங்ககிரியில் தீரன் சின்னமலைக்குக் கூட்டம் கூடுகிறது. 1805-இல் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். பெருக்கு நாளும் அந்த நாளும் ஒன்றாகிவிட்டதால், காவேரியில் முழுகிவிட்டு மலையடிவாரத்துக்குப் போகிறவர்கள் உண்டு. அவரோடு நின்று போராடிய பொல்லானை அரசும் ஊரும் மேடையேற்றி நினைக்க ஆரம்பித்தது மிகவும் பிந்தித்தான். யார் பெயருக்கு முதலில் கல் கிடைக்கிறது, யார் வரிசையில் நிற்கிறார் என்பதிலும் நம் சமூகம் வெள்ளைக்காரனுக்கு இளைத்ததில்லை.

சேலம் மாவட்டத்திலிருந்து மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணி மூலம் போனவர்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர்கள் அந்தத் தோட்டத் தமிழர்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். பல்லாயிரம் பேர் செத்தார்கள். காஞ்சனபுரியில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறை உண்டு, இவர்களுக்கு இல்லை. 2024-இல்தான் தமிழர்கள் சேர்ந்து அங்கே ஒரு பௌத்த விகாரத்தின் வளாகத்தில் கல் எடுத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் நடுகல். செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது எங்கள் பேராசிரியர் ஐயா இருந்து பார்த்திருக்கலாமே என்று நினைத்தேன்.

சுதந்திரத்துக்குப் பின் மாண்டவர்கள் நிலை தேவலாம். கார்கில் பகுதியில் 1999 மே 29 அன்று பட்டாலிக்கில் வீழ்ந்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவிடம் இருக்கிறது, அந்தப் பக்கம் போகிறவர்கள் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்கிறார்கள். டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் 25 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்களைத் தனித்தனிக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். சிப்பாய்க்கும் ஒரு கல், அதிகாரிக்கும் ஒரு கல். எடுத்தனூர்க்காரர்கள் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள்.

இனி எங்கள் கல்லுக்கு வருகிறேன். சென்ற ஆடிக்கு வீட்டில் ஒரு சின்ன வாக்குவாதம். கல்லை எடுத்துவிட்டு, பளபளவென்று கிரானைட் வைத்து, 'முதல் உலகப்போர் வீரர்' என்று எழுதிவிடலாம், செலவு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெங்களூரில் வேலை பார்க்கிற என் தம்பி சொன்னான். பெயர் என்ன போடுவாய் என்று கேட்டேன். "பழனின்னு போடு, யாரு வந்து கேக்கப்போறா?" என்றான். நான் ஒப்பவில்லை. தப்பான பெயரைக் கல்லில் வெட்டினால் பிறகு அதுதான் உண்மையாகிவிடும். தம்பி மகள் வேறு ஒன்று சொன்னாள். மூத்தார் பெயரை அப்பாயி சொல்லாமல் போனாரே, அவருடைய மாமியார் பெற்ற தாய்தானே, தாய் பிள்ளை பெயரைச் சொல்லலாமே, படையலில் அந்தப் பூட்டி என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று யாராவது கேட்டார்களா என்றாள். எங்கள் கிளையில் இருக்கிற பெரியவர்களில் மிகவும் மூத்தவர் ஒரு அத்தை, தாரமங்கலத்தில் இருக்கிறார், 90-ஐத் தாண்டியவர். பூட்டியின் மடியில் வளர்ந்தவர். அவரைப் போய்ப் பார்த்தோம். காது மந்தம். மூன்று தடவை உரக்கக் கேட்ட பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்:

"பேரா? பேரச் சொல்லிக் கூப்புட்டு நான் கேட்டதில்ல சாமி. அது கல்லுகிட்டப் போயி, 'சின்னப்பையா, வந்து சாப்புட்டுப் போடா'ன்னுதான் கூப்புடும்."

பட்டாளத்தாருக்கு மூத்தவர் ஒருவர் இருந்து சிறு வயதிலேயே இறந்துபோனாராம். அதனால் வீட்டில் இவர் சின்னப்பையன். இது எங்கள் அப்பாவுக்கே தெரியாத செய்தி.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ குதிர்மேலோ பெண்ணும் சிங்கமும் உள்ள வட்டமான வெண்கலத் தகடு கிடந்தால் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து மழுங்கும். நடுக்கட்டத்தில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்தை அப்படியே, திருத்தாமல், ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய மெடல் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள், எண்ணும் படைப்பிரிவும் அங்கேதான் வெட்டியிருக்கும். பஞ்சாபில் 3 லட்சத்து 20 ஆயிரம் பேரின் விவரங்கள் அடங்கிய முதல் உலகப்போர்ப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. 2021-இல் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கினார்கள், பேரப்பிள்ளைகள் கிராமம் கிராமமாகத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் வரலாற்றுத் துறை மாணவர்கள் சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கம் வீடு வீடாகப் போய் இந்தத் தகடுகளைப் படியெடுப்பதென்றால், பஸ் செலவு என்னுடையது. முகவரி சங்க அலுவலகத்தில் இருக்கிறது.

இந்த ஆடியில் கல்லை மாற்றவில்லை. தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். செம்புத் தண்ணீரை நான் ஊற்றினேன், தம்பி மகள் மஞ்சள் பூசினாள். வாழை இலையைப் போட்டுவிட்டு எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு 70 வயதாகிறது, என்னைவிட 50 வயது சிறியவராகச் செத்துப்போனவரை அப்படிக் கூப்பிடக் கூச்சமாகத்தான் இருந்தது. கூப்பிட்டேன்.